மூன்றாம் மாடி நட்சத்திரம்

முந்திரிக்கு வயிறு எரிந்தது. பசியால் இல்லை, பொறாமையால்.

எதிரே சுருட்டை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிச் சட்டையில் ஒரு பித்தளை நட்சத்திரம் குத்தியிருந்தது. அவள் குனிந்து எழுதும்போதெல்லாம் அது விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று அடித்தது. இவள் வேண்டுமென்றேதான் இப்படிக் குனிந்து குனிந்து எழுதுகிறாளோ என்று முந்திரிக்குச் சந்தேகம்.

போன மாதம் வரைக்கும் அந்த நட்சத்திரம் முந்திரியின் அம்மாவுடையது.

முந்திரி என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். யார் யாரிடம் என்ன கேட்டாலும் இவள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். தெருவில் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மணி கேட்டால்கூட இவள்தான் சொல்லுவாள், கையில் கடிகாரமே இல்லாமல். சுருட்டைக்கு அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தலைமுடி சுருட்டை, அவ்வளவுதான்.

அவர்கள் இருந்தது ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், துப்புரவுப் பணியாளர்கள் துணி மாற்றும் அறையில். முந்திரியின் அம்மாவுக்கு மூன்றாம் மாடியைச் சுத்தம் செய்யும் வேலை. சுருட்டையின் அப்பாவுக்கு இரண்டாம் மாடி. பள்ளி விட்டதும் இரண்டு பேரும் நேராக இங்கே வந்து, வேலை முடியும் வரை காத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சூப்பர்வைசர் ஒவ்வொரு மாடியாக ஏறுவார். கழிவறைக் குழாயின் மேல் வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து ஒரு தேய் தேய்ப்பார். தாளில் கறை இருக்கக் கூடாது. பிறகு குழாயில் தன் முகத்தைப் பார்ப்பார். மீசை தெளிவாகத் தெரிய வேண்டும். எந்த மாடியில் மீசை மிகத் தெளிவாகத் தெரிகிறதோ அந்த மாடிக்காரருக்கு ஒரு வாரத்துக்கு நட்சத்திரம்.

அம்மாவின் நீலக் கோட்டில் அந்த நட்சத்திரம் பல மாதங்களாகக் குடியிருந்தது. அப்புறம் சுருட்டையின் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். வந்த வேகத்திலேயே நட்சத்திரத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். போதாக்குறைக்கு அதைத் தன் மகளுக்குக் குத்திவிட்டார்.

"அழகா இருக்குல்ல?" என்று கேட்டாள் சுருட்டை.

"ம்ம். கொஞ்சம் துருப்பிடிச்ச மாதிரி தெரியுது" என்றாள் முந்திரி.

"பித்தளை துருப்பிடிக்காதே."

"உன் சட்டைக்கு வந்ததும் பிடிச்சிருக்கும்."

சுருட்டை சிரித்துவிட்டாள். அது முந்திரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்தால் சண்டை போட வேண்டாமா?

அன்று வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"அம்மா, உனக்குப் பொறாமையா?" என்று கேட்டாள் முந்திரி.

"எனக்கா? எனக்கு எதுக்குடி பொறாமை? அந்தத் தம்பி நல்லா வேலை செய்யுது, வாங்கிட்டுப் போகுது" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கரண்டியை அது வளைகிற அளவுக்குத் தேய்த்தாள்.

"அப்போ எதுக்கு ஒரே கரண்டிய இவ்வளவு நேரமா தேய்க்கிற?"

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "எப்படித்தான் அப்படி மின்னுதோ தெரியலடி! நானும் கை வலிக்கத் தேய்க்கிறேன். ஏதோ ரகசியம் வச்சிருக்காரு. என்னன்னுதான் பிடிபடல."

"அவருகிட்டயே கேளேன்."

"நானா? நேத்து வந்தவருகிட்டப் போய் நானா கேக்கணும்?" அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

முந்திரிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கேட்டால் மானம் போய்விடும். வேவு பார்த்தால் போகாது.

மறுநாள், வியாழக்கிழமை, அவள் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மெல்ல இரண்டாம் மாடிக்கு ஏறினாள். கழிவறை வாசலில் சுருட்டையின் அப்பாவுடைய தள்ளுவண்டி நின்றது. முந்திரி தூணுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள். வண்டியின் மேல் தட்டில் ஒரு ஆசிட் பாட்டில். அதை ஒட்டி ஒரு ப்ளீச்சிங் பவுடர் டப்பா. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

யாரோ இருமும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முந்திரி மூன்றாம் மாடிக்கு ஒரே ஓட்டம்.

"அம்மா! கண்டுபிடிச்சுட்டேன்! ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலக்குறாரு!"

அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "நீ பாத்தியா?"

முந்திரி கலக்கியதைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், நடுவில் இருந்ததைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டாள். ஆனால் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்!"

"அதானே பாத்தேன்! ஒண்ணு போட்டாலே அழுக்கு போகுது. ரெண்டும் சேர்ந்தா கேக்கவா வேணும்!" அம்மாவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "நாளைக்குப் பாரு. சூப்பர்வைசரோட மீசை மட்டும் இல்ல, அதுல இருக்குற நரைகூடத் தெரியும்."

முந்திரிக்கு அன்று இரவு இனிப்பான தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனபின் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். முந்திரியைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். கீழே அறையில் முந்திரியால் ஒரு கணக்குகூடப் போட முடியவில்லை. சுருட்டையின் சட்டையில் நட்சத்திரம் மின்னியது. இன்னும் கொஞ்ச நேரம்தான், மின்னிக்கோ மின்னிக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஏன் தனியா சிரிக்கிற?" என்று கேட்டாள் சுருட்டை.

"சும்மா. உங்க அப்பாவோட ரகசியம் எனக்குத் தெரியுமே."

"என்ன ரகசியம்?"

"ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும். ரெண்டையும் கலந்துதானே தேய்க்கிறாரு? எங்க அம்மாவும் இப்போ அதான் செய்யப் போறாங்க."

சுருட்டையின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஐயையோ! அது ரெண்டையும் கலக்கவே கூடாது! விஷக் காத்து வரும்! அப்பா முன்னாடி வேலை செஞ்ச இடத்துல ஒரு அக்கா தெரியாம கலந்துட்டாங்க. மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பா தரைக்கு ஒண்ணு, பீங்கானுக்கு ஒண்ணுன்னு வேற வேற நாள்லதான் போடுவாரு. நடுவுல வாளி வாளியா தண்ணி ஊத்திக் கழுவுவாரு!"

முந்திரி ஒரு கணம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். ஆனால் பொறாமை லேசில் விடுமா?

"பொய்! நட்சத்திரம் கை நழுவிப் போயிடும்னு பயம் உனக்கு. அதான் கதை விடுற."

சுருட்டை எழுந்து நின்றாள். பிறகு சட்டையிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றினாள். அவசரத்தில் ஊசி விரலில் குத்தியது. அதைக்கூடக் கவனிக்காமல் நட்சத்திரத்தை முந்திரியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. எனக்கு வேணாம். முதல்ல ஓடு!"

நட்சத்திரம் போய்விடுமே என்று பொய் சொல்கிறவள் நட்சத்திரத்தைத் தூக்கிக் கொடுப்பாளா? முந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே பயமும் வந்தது.

"நீ உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா!" என்று கத்திவிட்டு அவள் படிக்கட்டில் தாவினாள். லிஃப்டுக்காக நிற்கப் பொறுமை இல்லை.

மூன்றாம் மாடிக் கழிவறையின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வெளிச்சுவரில் காற்று வெளியேற்றும் விசிறியின் சுவிட்ச் அணைந்திருந்தது. விசிறி ஓடினால் வாசனை இரண்டாம் மாடிக்குப் போய்விடும், ரகசியம் தெரிந்துவிடும் என்று அம்மா அதை நிறுத்தியிருந்தாள். ஜன்னலையும் அதற்காகவே மூடியிருந்தாள். கதவிடுக்கில் ஒரு காரமான நெடி வந்தது. மூக்கு எரிந்தது.

"அம்மா! கதவைத் திற!"

"கத்தாதடி..." உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கரகரவென்று வந்தது. பெரிதாக இருமினாள். "யாருக்காவது கேட்டுடப் போகுது... இன்னும் ரெண்டே குழாய்தான்..."

"வேணாம்மா! வெளிய வா! அது விஷக் காத்தும்மா!"

"அந்தத் தம்பி தினமும் செய்யுது... அவருக்கு ஒண்ணும் ஆகலியே..." மறுபடியும் இருமல்.

முந்திரி கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்லாமல் இந்தக் கதவு திறக்காது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அவரு கலக்கவே இல்லம்மா! நான் பாக்கவே இல்ல! பாட்டிலும் டப்பாவும் பக்கத்துல இருந்துச்சு, அதைத்தான் பாத்தேன். மீதி நானா சொன்னேன்! அம்மா, நான் பொய் சொல்லிட்டேன், வெளிய வாம்மா!"

உள்ளே சத்தம் நின்றது. பிறகு தாழ்ப்பாள் தடதடவென்று நகர்ந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. பின்னாலேயே அந்த நெடியும் வந்தது. முந்திரி கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை இழுத்து மூடினாள். எட்டி விசிறியின் சுவிட்சைத் தட்டினாள். விசிறி கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"வாளி... வாளிய எடுக்கணும்டி. சூப்பர்வைசர் வந்துடுவாரு." அம்மா திரும்பவும் கதவுப் பக்கம் போனாள்.

முந்திரி அவள் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "வாளி கிடந்துட்டுப் போகட்டும்மா! நீ வா!"

நடைபாதையின் கோடியில் திறந்த பால்கனி இருந்தது. அம்மாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள். அம்மா வாயைத் திறந்து காற்றை இழுத்தாள், இருமினாள், மறுபடி இழுத்தாள். முந்திரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மேலேயிருந்து நாலாம் மாடி மாமா இறங்கி வந்தார். நாலாம் மாடியைச் சுத்தம் செய்கிற அவர் எப்போது பார்த்தாலும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரியே இருப்பார். "என்ன, இங்க மூக்கை அறுக்குது?" என்றார். அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் கண்ணிலும் முகத்திலும் ஊற்றிக் கழுவச் சொன்னார்.

சுருட்டையும் அவள் அப்பாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். "யாரும் உள்ள போகாதீங்க!" என்று சுருட்டையின் அப்பா கழிவறை வாசலை மறித்து நின்றுகொண்டார். "அக்கா, மூச்சு விட முடியுதா? பேசுங்க அக்கா."

"முடியுது தம்பி" என்றாள் அம்மா. அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கடைசியாக டிஷ்யூ தாளும் கையுமாகச் சூப்பர்வைசர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் மீசை துடித்தது.

"ரெண்டையும் யாரும்மா கலக்கச் சொன்னது?"

"நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டுட்டேன் சார்" என்றாள் அம்மா.

"நான்தான் சொன்னேன்! தப்பா சொல்லிட்டேன்!" என்று முந்திரி முந்திக்கொண்டாள்.

"சார்," என்றார் சுருட்டையின் அப்பா மெதுவாக, "ஆசிட்டையும் பவுடரையும் ஒரே அலமாரியில பக்கத்துல பக்கத்துல வச்சு எங்க கையில குடுக்குறாங்க. ரெண்டும் சேரக் கூடாதுன்னு இதுவரைக்கும் யாரும் யாருக்கும் சொன்னதில்ல. நானும் சொல்லல."

சூப்பர்வைசர் அம்மாவின் சிவந்த கண்களைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "முதல்ல டாக்டர்கிட்டப் போலாம், வாங்க" என்றார்.

நல்லவேளை, அம்மா உள்ளே இருந்தது கொஞ்ச நேரம்தான். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். மருந்து கொடுத்தார். சில நாள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின்தான் முந்திரி சட்டைப் பையில் கை விட்டுப் பார்த்தாள். படிக்கட்டில் ஓடும்போது அவசரமாகப் போட்டுக்கொண்ட நட்சத்திரம் அங்கேயே இருந்தது. எத்தனை நாள் ஆசைப்பட்ட நட்சத்திரம்! கண்ணாடி முன்னால் போய் ஒரு தடவை சட்டையில் வைத்துப் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளே சுருட்டையின் சட்டையில் தன் கையாலேயே திருப்பிக் குத்திவிட்டாள்.

"துருப்பிடிக்கலியே?" என்று கேட்டாள் சுருட்டை.

"போடி" என்றாள் முந்திரி. ஆனால் இந்த முறை அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று கீழ்த்தள அறையில் சுருட்டையின் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். பிறகு ஒரு வழியாகக் கேட்டேவிட்டாள்.

"தம்பி, அந்தக் குழாய் எப்படித்தான் அப்படி மின்னுது?"

"இவ்வளவுதானா அக்கா! பழைய பருத்திச் சட்டை இருக்குல்ல, அதைக் கிழிச்சு வச்சுக்குவேன். எல்லாம் கழுவி முடிச்சதும் ஈரம் போக அதால ஒரு தடவை துடைச்சு விடுவேன். தண்ணி தானா காய்ஞ்சா புள்ளி விழும். வேற ஒண்ணும் இல்ல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பழைய சட்டை! வீட்டில் முந்திரியின் அப்பாவுடைய பழைய சட்டைகள் ஒரு மூட்டை கிடந்தன.

"நானும் ஒண்ணு கேக்கலாமா அக்கா?" சுருட்டையின் அப்பா நெளிந்தார். "உங்க மாடிக் கண்ணாடியில ஒரு கோடுகூட விழ மாட்டேங்குது. என்னோடது துடைக்கத் துடைக்கக் கோலம் போட்ட மாதிரி ஆயிடுது. எத்தனை நாளா மனசுக்குள்ள வச்சுப் பொருமிட்டு இருக்கேன் தெரியுமா? இவளைக்கூட மேல அனுப்பிப் பாத்துட்டு வரச் சொன்னேன்."

முந்திரி சட்டென்று திரும்பினாள். சுருட்டையின் காது சிவந்திருந்தது.

"நீயும் வேவு பாத்தியா?"

"தூணுக்குப் பின்னாலேர்ந்து" என்றாள் சுருட்டை மிகவும் சின்னக் குரலில். "ஒண்ணுமே தெரியல."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில் இருமல் வந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை. பிறகு துணியை எப்படி மடிப்பது, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக எப்படி இழுப்பது என்று அங்கிருந்த கண்ணாடியிலேயே செய்து காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. ஆசிட் அலமாரியின் கீழ்த்தட்டுக்கும் பவுடர் எதிர்ச் சுவர்ப் பலகைக்கும் போயிருந்தன. சூப்பர்வைசர் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கினார். எல்லாரும் கீழ்த்தள அறையில் கூடினார்கள். முந்திரி விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். சுருட்டையும்தான்.

"ரெண்டாம் மாடியிலயும் மீசை நல்லாத் தெரியுது, மூணாம் மாடியிலயும் நல்லாத் தெரியுது" என்றார் சூப்பர்வைசர். "பாத்துப் பாத்து எனக்கு என் மீசையே சலிச்சுப் போச்சு. அதனால இந்தத் தடவை குழாயை விட்டுட்டு வேலை செய்யுறவங்களைப் பாத்தேன். மூணாம் மாடியில கையுறை கையில இல்ல, வாளி விளிம்புல தொங்குது. ரெண்டாம் மாடியில தரை ஈரம், ஆனா வழுக்கும்னு வைக்கிற மஞ்சள் பலகை மூலையில சாய்ஞ்சு கிடக்குது."

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்; சுருட்டையின் அப்பா தலையைச் சொறிந்தார்.

"எல்லா ஜன்னலும் திறந்து, கையுறை, பூட்ஸ் போட்டு, பலகையும் வச்சு வேலை செஞ்சது ஒரே ஒருத்தர்தான்."

சுருட்டையிடமிருந்து நட்சத்திரத்தை வாங்கி, சூப்பர்வைசர் நேராகப் போய் நாலாம் மாடி மாமாவின் கோட்டில் குத்தினார்.

மாமா திகைத்துப் போனார். "ஜன்னலை மூடுனா எனக்குத் தூக்கம் வந்துடும் சார். பூட்ஸைக் கழட்டணும்னா குனியணும். யாரு குனியுறது?" என்றார்.

அறையே சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. முந்திரிக்கும் சுருட்டைக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வயிறு எரிந்தது.

"இவருக்கா!" என்று பல்லைக் கடித்தாள் முந்திரி.

"இவருக்கா!" என்று காலைத் தரையில் உதைத்தாள் சுருட்டை. பிறகு முந்திரியின் காதோரம் வந்து, "இவரு ஏதோ பெரிய தந்திரம் வச்சிருக்காரு. நாளைக்கு நாலாம் மாடிக்குப் போய் ஒளிஞ்சு பாக்கலாமா?" என்றாள்.

முந்திரி யோசித்தாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக, வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசித்தாள்.

"ஒளிய வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சுருட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தபடி மாமா வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவர் பின்னால் ஓடினார்கள்.

"மாமா! மாமா! கொஞ்சம் நில்லுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்!"